பாறையைத் தட்டினால் என்ன கேட்கும்?

விருத்தாசலத்துப் பீங்கான் இன்சுலேட்டரைக் கையில் எடுத்து விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாக வெந்திருந்தால் 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். வேகமான அதிர்வுகளைத்தான் விரிசல் முதலில் விழுங்குகிறது. நிலநடுக்க அலைகளுக்கும் பாறைக்கும் உள்ள உறவு இதேதான்.

கலிபோர்னியாவின் பாறைகள் நொறுங்கிக் கிடப்பவை. தீபகற்ப இந்தியாவின் பாறைகள் பழையவை, கெட்டியானவை. நிலநடுக்கப் பதிவில் வேக அதிர்வு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதை அளக்க, ஆண்டர்சனும் ஹஃபும் 1984இல் 'கப்பா' என்ற எண்ணைக் கொடுத்தார்கள். நொறுங்கிய பாறைக்கு அது சுமார் 0.04 வினாடி. கிழக்கு அமெரிக்காவின் கெட்டிப் பாறைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது 0.006. வினாடிக்கு 20 முறை அதிரும் அலையில் முன்னதில் 8 சதவீதம்தான் மிஞ்சும். பின்னதில் கிட்டத்தட்ட 70 சதவீதம்.

பாறைமேல் கட்டினால் பயமில்லை என்பார்கள். மாடி வீட்டுக்கு அது பெரும்பாலும் சரி. முடுக்கம் புவியீர்ப்பில் 30 சதவீதம் என்று வையுங்கள். வினாடிக்கு ஒரு முறை ஆடினால் தரை 7 சென்டிமீட்டர் நகரும். 25 முறை ஆடினால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். கட்டடம் அதைச் சட்டை செய்யாது. ஆனால் மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் ரிலே அப்படி இருக்காது.

2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவிலான நடுக்கம். சுமார் 18 கி.மீ. தள்ளியிருந்த நார்த் அன்னா அணுமின் நிலையத்தில் அதிர்வு வடிவமைப்பு அளவைத் தாண்டியது. உலைகள் தாமாக நின்றன, பாதுகாப்புக் கருவிகளுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் மின்மாற்றிகளின் அழுத்த ரிலேக்கள் குலுக்கலைக் கோளாறு என்று நினைத்துத் துண்டித்ததில் வெளிமின்சாரம் போயிற்று. டீசல் ஜெனரேட்டர்கள் கைகொடுத்தன. உச்ச முடுக்கம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதோ நிம்மதியடைவதோ இரண்டுமே தப்பு.

நம் நாட்டின் பிரபலமான நிலநடுக்கப் பதிவு கொய்னா அணையுடையது. 1967 டிசம்பர் 11 அதிகாலை, பசால்ட் பாறைமேல் நிற்கும் 103 மீட்டர் அணைக்குள் இருந்த கருவி புவியீர்ப்பில் 63 சதவீத முடுக்கம் காட்டியது. அணையில் விரிசல் விட்டது, ஆனால் உடையவில்லை. கருவி இருந்தது அணையின் சுரங்க அறையில் என்பதால், அதில் பாறையின் குரலோடு அணையின் குரலும் கலந்திருக்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விருத்தாசலத்துக்கு மேற்கே பழம்பாறை. கிழக்கே நெய்வேலியின் மணற்கல்லும் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும். ஒரே நடுக்கம் வந்தாலும் இரு பக்கமும் ஒரே பதிவு கிடைக்காது. பாறையின் பதிவு வேண்டுமென்றால் கருவியைச் சிதைந்த மேல்பாறையில் வைக்கக் கூடாது. சில மீட்டர் தடிமனே அலையை மாற்றிவிடும். வினாடிக்கு 50 முறை மட்டும் அளக்கும் கருவியும் உதவாது, 25க்கு மேற்பட்ட அதிர்வுகள் அதன் கண்ணில் படாது. 200 முறை அளந்தால் ரிலேயைத் தொல்லைப்படுத்தும் அலை பதிவில் ஏறும்.