சொல்லிக்கொண்டு வராத சுழல்காற்று

பள்ளி விடுமுறை வந்தால் ஜொகூரின் டெசாரு, மெர்சிங் கடற்கரைகளில் கூடாரங்கள் முளைத்துவிடும். மழைக்கும் கொசுவுக்கும் முன்னேற்பாட்டோடு போகிறவர்கள்கூடச் சுழல்காற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் வராது என்ற நம்பிக்கைதான் காரணம். ரேகையிலிருந்து சுமார் 1.5 டிகிரி வடக்கே உருவான வாமெய் சூறாவளி, 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. அது அபூர்வம் என்பது சரிதான். ஆனால் பெரும் புயலுக்குத் தேவைப்படும் பூமிச் சுழற்சியின் துணை, சிறு சுழல்காற்றுக்குத் தேவையே இல்லை.

அதற்கு வேண்டியதெல்லாம் ஜொகூரில் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல். வெயில் ஏற ஏற மலாக்கா நீரிணையிலிருந்தும் தென்சீனக் கடலிலிருந்தும் கடற்காற்று உள்ளே நுழைகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பொதுவான காற்று தளர்ந்திருப்பதால் கடற்காற்றின் கை ஓங்கும். வெவ்வேறு திசைக் காற்றுகள் உரசும் இடத்தில் தரையோரம் சிறு சுழிகள் பிறக்கின்றன. ஒரு சுழிக்கு நேர்மேலே இடிமேகம் வளர்ந்தால், மேலெழும் காற்று அதை இழுத்து நீட்டும். நீள நீள அது ஒடுங்கும், ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். இது நிலத்தில் நிலச்சுழல், கடலில் நீர்ச்சுழல். மலாயில் புத்திங் பெலியோங். சூடேறிய திடலில் தெளிந்த வானத்தின் கீழ் எழும் புழுதிச்சுழல் வேறு. அதற்கு மேகமே வேண்டாம்.

இவை வலுக்குறைந்தவை, சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சேதத்தைக் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. எதிரே நிற்பதும் தீர்மானிக்கிறது. 2019 ஏப்ரல் 1 அன்று பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் கரையேறிய நீர்ச்சுழல், கூரைகளைப் பிய்த்தெறிந்தது. வீட்டுக் கூரைக்கே அந்தக் கதி என்றால், மணலில் ஒரு சாண் இறங்கிய கூடார முளை எம்மாத்திரம்? காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். வாசல் திறந்த கூடாரம் காற்றை வாங்கிப் கப்பற்பாய்போல் புடைக்கும். முதலில் முளை தெறிக்கும், பிறகு கூடாரமே பறக்கும்.

வானிலைத் துறை எச்சரிக்காதா என்று கேட்கலாம். இடிமழைக்கு எச்சரிக்கை வரும். அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் ரேடார் கதிர் தொலைவு போகப் போகத் தரையைவிட்டு உயர்ந்துவிடுகிறது. தரையில் தொடங்கி மேலே வளரும் குறுகிய சுழி அதன் கண்ணில் படுவது கடினம். ஆகவே காவல் முகாமிலேயே தொடங்கவேண்டும். முளை அடிக்குமுன், அருகிலுள்ள செங்கல் கட்டடம் எத்தனை அடி தூரம் என்று பிள்ளைகளோடு நடந்து பார்த்துவிடுங்கள். புல்தரையில் புழுதி எழாது, அதனால் புழுதிக்காகக் காத்திருக்காதீர்கள். மேகம் கறுத்திருக்கும்போது சருகுகள் வட்டமிட்டால் அதுவே அறிவிப்பு. கூடாரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்காமல், சவுக்கு மரத்தடியில் ஒதுங்காமல், அந்தக் கட்டடத்துக்கு ஓடுங்கள். கூடாரம் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.