இருட்டறைக்குள் வரும் சூரியன்

குழந்தைகளே! எகிப்தின் பிரமிடுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவற்றைவிடப் பழமையான ஓர் இடத்துக்கு இன்று போய் வருவோமா?

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் உள்ள தீவு நாடு அயர்லாந்து. அங்கே பாய்ன் என்ற ஆற்றின் அருகே ஒரு பெரிய புல்மேடு இருக்கிறது. அதன் பெயர் நியூகிரேஞ்ச். சுமார் 85 மீட்டர் அகலம். அடியைச் சுற்றி 97 பெரிய கற்கள். கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது. கீசாவின் பெரிய பிரமிடுக்கு இது சுமார் 600 ஆண்டுகள் மூத்தது!

கட்டியவர்கள் விவசாயிகள். அவர்களிடம் இரும்பும் இல்லை, எழுத்தும் இல்லை. கல்லின்மேல் கல்லை அடுக்கியே கூரை அமைத்தார்கள். சுண்ணாம்புக் கலவை கிடையாது. ஆனாலும் உள்ளே மழைநீர் ஒழுகுவதில்லை!

காலப்போக்கில் வாசல் மூடிப்போனது. 1699-ல் சாலை போடக் கல் எடுத்தபோதுதான் அது மறுபடி வெளியே தெரிந்தது. மேடு முழுவதையும் அள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

உள்ளே 19 மீட்டர் நீளக் குறுகிய பாதை. அதன் முடிவில் ஓர் அறை. அங்கே இறந்தவர்களின் எலும்புகள் கிடைத்தன.

இந்த அறைக்குள் சூரியன் வரும் என்று அந்த ஊர் மக்கள் சொல்லி வந்தார்கள். மைக்கேல் ஓ கெல்லி என்ற தொல்லியல் பேராசிரியர் அதைச் சோதிக்க விரும்பினார். 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளே போய்க் காத்திருந்தார். சூரியன் உதித்ததும் ஒரு மெல்லிய ஒளிக்கீற்று நுழைந்து அறை வரை வந்தது!

எப்படி? பாதை உள்ளே போகப் போக மேடாகிறது. அதனால் வாசல் வழியே வரும் ஒளி பாதியிலேயே நின்றுவிடும். அதற்காகவே வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய சில நாட்களில் மட்டும், சுமார் 17 நிமிடம் ஒளி வரும். அதை உள்ளே நின்று பார்க்க, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நாட்காட்டி இல்லாத அந்த மக்களுக்கு இது எப்படித் தெரிந்தது? பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்திருக்க வேண்டும்.

நீங்களும் கவனிக்கலாம். சூரியன் எந்த மரத்துக்கு அல்லது வீட்டுக்கு நேராக உதிக்கிறது என்று வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று குறித்து வையுங்கள். சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது. ஜூனில் வடகிழக்குப் பக்கமும் டிசம்பரில் தென்கிழக்குப் பக்கமும் அது நகர்ந்திருக்கும். 5,000 ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து விவசாயி கண்டதை நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள்!