பொறி அணைந்தும் ஆறாத ஸ்விட்ச்

புராஜெக்ட் அறிக்கைக்குக் கெடு நெருங்குகிறது போலும். பொறியியல் மாணவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம். வாயு நிரப்பிய ஸ்பார்க் கேப் ஒரு பல்ஸை விட்டபின், அடுத்ததற்கு எப்போது தயார்?

கேட்லாக்கில் ‘ரெக்கவரி டைம்’ என்று ஓர் எண் இருக்கும். எத்தனை வோல்ட் தாங்கும் அளவுக்கு மீண்டது என்று பக்கத்திலேயே சொல்லாவிட்டால், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பலரும் அயனிகள்மீது பழி போட்டிருக்கிறீர்கள். மின்னோட்டம் நின்றதும் அவற்றில் பெரும்பகுதி சீக்கிரமே அடங்கிவிடும். இழுத்தடிப்பது சூடு. பொறி பாய்ந்த தடத்தில் வாயு பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறி, விரிந்து, மெலிந்துபோகிறது. தடத்தின் அழுத்தம் சீக்கிரமே சுற்றுப்புறத்தோடு சமமாகிவிடுவதால், அழுத்தமானி எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் வோல்டேஜைத் தாங்குவது வாயுவின் அடர்த்தி. பாஷென் 1889-இல் அழுத்தத்தையும் இடைவெளியையும் வைத்துச் சொன்ன விதிக்குள் இருப்பதும் அதுதான். 27 டிகிரி செல்சியஸில் இருந்த வாயு 327 டிகிரியில் நின்றால், அதே அழுத்தத்தில் அடர்த்தி பாதி; தாங்கும் வோல்டேஜும் ஏறத்தாழ பாதி. அப்போது முழு வோல்டேஜை ஏற்றினால், ட்ரிகர் கொடுக்கும் முன்பே பொறி பாய்ந்துவிடும்.

அசையாத காற்று ஆற மில்லி விநாடிகள் பிடிக்கும். ஹைட்ரஜனின் வெப்பக் கடத்துதிறன் காற்றைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு, அதனால் முந்திக்கொள்கிறது. சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு எலக்ட்ரான்களைக் கவ்விப் பிடிப்பதில் கெட்டி. சூட்டைக் கடத்துவதிலோ காற்றில் பாதிதான்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கேப் தானாக உடையும் வோல்டேஜில் பாதிக்கும் கீழே வைத்து, ட்ரிகரால் இயக்குவது. பாதி மீண்டாலே போதும், அடுத்த பல்ஸ் தயார். கேட்லாக் எண் கவர்ச்சியாக இருந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சூடான வாயுவை ஊதித் தள்ளலாமா? தள்ளலாம், கம்பிரசரும் அதன் கரண்ட் செலவும் கூடவே வரும்.

எப்போது சார்ஜ் ஏற்றுவது? கேப் ஆறும்வரை பொறுத்து, பிறகு சட்டென்று.

மின்முனை தேயுமா? தேயும், மேற்பரப்பு குழி விழ விழ, பொறி பாயும் வோல்டேஜ் முன்பின்னாகும்.

சிறுநீரகக் கல்லை உடைக்கும் கருவியிலும் உள்ள ஸ்பார்க் கேப்புக்கு ஏன் ஏற்றுமதிக் கட்டுப்பாடு? அணு ஆயுத வெடிப்பிக்கும் உதவும் என்பதால். அணுசக்தி வழங்குநர் குழுமத்தின் பட்டியல் பார்ப்பது 15 மைக்ரோ விநாடிக்கு மேற்படாத தாமதத்தையும், குறைந்தது 500 ஆம்பியர் உச்ச மின்னோட்டத்தையும்தான். மீட்சியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. குண்டுக்கு இரண்டாவது பல்ஸ் எதற்கு?