மாதத்தில் சில நாள் உறுத்தும் கண்

ஆவணி மாதத்துக் கச்சான் காற்று, தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவுகளிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் முகட்டைத் தாண்டிப் பசறை, மடுல்சீமை மலைகளில் வீசுங் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் விசேஷ வாசனை ஏறுகிறது. அதே காற்றில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்ணோ, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி, அந்த இளஞ்சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “மண் விழுந்த மாதிரி உறுத்துது அக்கா” என்கிறாள். காற்று தினமும் வீச, உறுத்தல் மட்டும் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் மிகுவதாக அவள் கண்டால், அது பிரமையன்று. சரீரத்தில் அதற்குக் காரணம் உண்டு.

கண்ணீர்ப் படலம் என்பது வெறும் நீரன்று. அடியிலே வழுவழுப்பான சளி, நடுவிலே நீர், மேலே அந்நீர் உலராமற் காக்கும் மெல்லிய எண்ணெய் என்று அமைந்த அப்படலத்தைச் சுரக்கும் சுரப்பிகள், கருப்பையைப் போலவே ஓமோன்களின் ஆணைக்குச் செவிசாய்ப்பவை. இருபத்தெட்டு நாட் சுழற்சியில், ஏறத்தாழ 14ஆம் நாள் முட்டை வெளிப்படுமுன் ஈஸ்திரசன் உச்சமடைந்து, பின்னர் புரொஜெஸ்தரோன் ஓங்கி, கரு தங்காதபோது இரண்டும் சரிய, உதிரம் வெளிப்படுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தோடு கண்ணீரின் அளவும் தன்மையும் மாறுவதோடு, கருவிழியை மூடிய பளிங்குப் படலத்தின் தடிப்பும் சிறிதே மாறக்கூடும். ஆய்வுகளின் முடிவுகள் ஒருமித்தவையல்ல என்றாலும், சிலருக்கு எரிச்சலும் பார்வை மங்கலும் இந்நாட்களில் அதிகரிப்பது அறியப்பட்ட விஷயமே. வறண்ட காற்றும் லயத்து விறகடுப்பின் புகையும் அதனோடு சேர்ந்தால் வேதனை இரட்டிக்கிறது.

விலக்குக்கு இரண்டு நாள் முன்னும், தொடங்கிய முதல் மூன்று நாட்களிலும், ஈஸ்திரசன் சரிவதால் ஒற்றைத் தலைவலி மூண்டு, வெளிச்சமே கூசும்படி செய்வதும் உண்டு. மாதந்தோறும் மிகுதியாக உதிரம் போகிறவளின் கீழிமையை மருத்துவமாது இழுத்துப் பார்க்கையில் உட்புறம் சிவப்பின்றி வெளுத்திருந்தால், அது சோகையின் அறிகுறி. அதற்கு வேண்டியது கண்மருந்தன்று, இரத்தப் பரிசோதனையே.

அடிக்கடி இமைத்தலும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் வைத்தலும் நன்று. பிறர் வைத்திருந்த சொட்டு மருந்தை வாங்கி விடுதல் ஆபத்து. பார்வை திடீரென மறைந்தாலும், கடுமையாகக் கண் வலித்தாலும், மாதக் கணக்கைப் பாராமல் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும்.

மற்றபடி, சுவரிலே தொங்கும் கலண்டரில் விலக்கான நாளையும் கண் உறுத்திய நாளையும் மூன்று மாதம் குறித்துவந்தால், வைத்தியருக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கண்ணைச் சொல்லி, வெட்கத்தால் தீட்டு நாளை மறைப்பவள் பாதி நோயையே சொல்கிறாள். பறித்த கொழுந்தின் நிறையை நாள்தோறும் மறவாமல் எழுதிவைக்கும் தோட்டத்தில், பறித்தவளின் நாட்களும் எங்காவது எழுதப்படவேண்டும்; அதை எழுதும் கை அவளுடையதாகவே இருக்கட்டும்.