இணைந்து சறுக்குவோர்

பனிக்கட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது சர்பத்துக் கடையில் உடைத்துப் போடும் கட்டிதான். அதன்மேல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்து நடனமாடிப் பதக்கம் பெறுவார்கள் என்றால், வெயில் காயும் நம் சுந்தரபாண்டியத்தில் எத்தனை பேர் நம்புவார்கள்? ஆனால் பனியில்லாத நாட்டிலும் இவ்விளையாட்டு உண்டு. காலணியின் அடியில் கத்தி போன்ற தகட்டுக்குப் பதில் நான்கு சக்கரங்கள். பனித்தரைக்குப் பதில் வழவழப்பான மரத்தரை. அவ்வளவே வேறுபாடு.

2010-ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் முதன்முறையாகச் சக்கரச் சறுக்கு சேர்க்கப்பட்டது. அதில் அவனி பஞ்சாலும் ஐதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமாவும் இணைப் பிரிவில் வெண்கலம் வென்றனர். அனூப் தனியாளாகவும் ஒரு வெண்கலம் பெற்றார்.

தனியே சறுக்குவதைவிட இணையாகச் சறுக்குவது ஏன் கடினம்? தனியே விழுந்தால் நம் முழங்கால்தான் சிராயும். இணையில், ஓடும் வேகத்திலேயே ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழல வேண்டும். தூக்கப்படுபவள் சும்மா இருக்கிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் முதுகையும் காலையும் விறைப்பாகப் பிடித்து, தன் பாரத்தைச் சரியான இடத்தில் வைத்திருக்க வேண்டும். பயந்து சற்றே நெளிந்தாலும் இருவருமே தரையில்தான். தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையில் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்று நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பனித்தரையில் இதை வாழ்க்கையாகவே கொண்டவர் மாஸ்கோவில் 1949-இல் பிறந்த இரினா ரோத்னினா. சிறு வயதில் அடிக்கடி நிமோனியாக் காய்ச்சலில் படுத்தவர். உடம்பு தேறட்டும் என்றுதான் பெற்றோர் பனித்தரைக்கு அழைத்துச் சென்றனர். அலெக்சி உலானோவ் என்பவரோடு இணைந்து 1969-இல் உலகப் பட்டமும், 1972-இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். அவ்வாண்டே கனடாவின் கால்கரியில், உலகப் போட்டிக்குச் சற்று முன் பயிற்சியின்போது, தூக்கிய கையிலிருந்து தவறி விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். ஆயினும் போட்டியில் இறங்கி வென்றார். (நம் வீட்டில் என்றால் அம்மா விட்டிருப்பார்களா?) அத்தோடு அந்த இணை பிரிந்தது, உலானோவ் வேறொரு வீராங்கனையோடு சேர்ந்துவிட்டார்.

இத்தனை ஆண்டுப் பழக்கம் போன பின் யாரை நம்பி மேலே எழும்புவது? ரோத்னினா அலெக்சாண்டர் சைத்சேவ் என்ற இளைஞரோடு புதிதாகத் தொடங்கினார். 1973-இல் பிராட்டிஸ்லாவாவில் ஆட்டத்தின் நடுவே இசை நின்றுபோயிற்று. இருவரும் நிற்கவில்லை. இசையில்லாமலே கடைசி வரை ஆடி முடித்தார்கள், பட்டமும் அவர்களுக்கே. பின்னர் திருமணமும் செய்துகொண்டனர். 1979-இல் குழந்தை பிறந்ததால் அவ்வாண்டு உலகப் போட்டிக்குப் போகவில்லை. ஓராண்டு கழித்து லேக் பிளாசிடில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். மேடையில் அவர் கண்ணீர் வடித்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 1969 முதல் 1978 வரை பத்து உலகப் பட்டங்கள்; ஒருமுறைகூடத் தவறவில்லை.

நம் நாட்டு இணைக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை. அனூப்புக்கு 2015-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஆனால் குவாங்சோவுக்குப் பின் நடந்த இஞ்சியோன், ஜகார்த்தா, ஹாங்சோ ஆகிய மூன்று ஆசிய விளையாட்டுகளிலும் இணைச் சறுக்கு இடம்பெறவில்லை. 2023-இல் ஹாங்சோவில் வேகச் சறுக்கு இருந்தது. அதில் பெண்கள் தொடரோட்டத்தில் இந்தியாவுக்கு வெண்கலம் வந்தது. அந்த நால்வருள் நம் தமிழ்நாட்டின் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார்.