பூட்டின் மேல் பழி

கணிப்பொறியில் சேமிக்கும் தகவல்கள் களவு போகாமலிருக்க, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து வைப்பது இன்று வழக்கம். லினக்ஸில் இதற்கு 'லக்ஸ்' என்னும் முறை உள்ளது. வட்டையே கழற்றிச் சென்றாலும், கடவுச்சொல் அறியாதவருக்கு அதில் ஒன்றும் விளங்காது.

எங்கள் துறையின் மாணவர் பதிவேட்டை இத்தகைய வட்டில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருந்தோம். ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல் கேட்டால், விடை வருவதற்குள் தேநீர் குடித்து வந்துவிடலாம்! "மறையாக்கத்தை நீக்கிவிடு, சரியாகிவிடும்" என்றனர் நண்பர்கள். பதிவேட்டில் மாணவர்களின் முகவரியும் குடும்ப வருமானமும் இருந்தன. பிறர் வீட்டுச் செய்தியைத் திறந்து போட்டு வேகம் தேடுவது முறையாகுமா? முதலில் காரணத்தை அறிய முனைந்தேன்.

வட்டிலிருந்து படிக்கப்படும் பக்கம், மறைநீக்கம் பெற்ற பின்னரே நினைவகத்தில் தங்குகிறது. ஆகவே அதே வினாவை உடனே மறுமுறை கேட்டால், வட்டுக்கும் வேலையில்லை, பூட்டுக்கும் வேலையில்லை. எங்கள் பதிவேடு முழுவதும் நினைவகத்தில் அடங்கக்கூடியதே. எனினும் மறுமுறையும் அதே தாமதம்! எனவே பெருங்குற்றம் பூட்டினுடையதன்று என்பது தெளிவாயிற்று.

'எக்ஸ்ப்ளெயின்' கட்டளை உண்மையைக் காட்டியது. பதிவெண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லை. எங்கள் நிரலோ ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே வினா எழுப்பியது; ஒவ்வொரு முறையும் பதிவேடு முழுவதும் புரட்டப்பட்டது. அட்டைப் பட்டியல் இல்லாத நூலகத்தில் ஒரு நூலைத் தேடுவது போன்றதே இது. இன்டெக்ஸ் அமைத்ததும் விடை நொடியில் வந்தது.

ஆயினும் இயந்திரத்தை இயக்கியவுடன் கேட்கும் முதல் வினா மட்டும் தயங்கியது. இங்கேதான் மறையாக்கத்திற்கும் பங்குண்டு. 2010 முதல் இன்டெல் செயலிகளில் ஏ.இ.எஸ். மறையாக்கத்திற்கென்றே தனிக் கட்டளைகள் வந்துள்ளன. எங்கள் சர்வர், பெரிய இயந்திரம் ஒன்றினுள் இயங்கும் மெய்நிகர்க் கணிப்பொறி. அதற்கு இக்கட்டளைகள் கிடைக்காதவாறு அமைப்பு இருந்தது. 'கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்' கட்டளை, வட்டைத் தொடாமல் மறையாக்க வேகத்தை மட்டும் அளந்து இதைக் காட்டிக்கொடுத்தது. அமைப்பைத் திருத்தினோம், தயக்கம் குறைந்தது. அதிவேக வட்டு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2020இல் வெளியான லினக்ஸ் 5.9 முதல், படிக்கும் வேலையை இடைவரிசையில் நிறுத்தாமல் நேரே முடிக்கச் செய்யலாம்.

நண்பர்களே, பூட்டை உடைக்குமுன் அளந்து பாருங்கள். குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். பூட்டில் இருந்தாலும் அதைச் சீராக்க வழியுண்டு. நம்மை நம்பித் தந்த விவரங்களுக்கு நாமே காவல்.