ஆய்வுக் கட்டுரையும் ஒரு சாட்சியமே

வயதான ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்தக் குடும்பம் படும் பாட்டை நாம் அறிவோம். அதுவரை தானாக நடமாடியவர், பிறர் கைகொடுக்காமல் கட்டிலை விட்டு இறங்க முடியாதவராகிறார். பலர் பழையபடி நடப்பதே இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, இந்த மாத்திரை எலும்பு முறிவைத் தடுக்கும் என்று ஓர் ஆய்வு சொன்னால், மருத்துவரும் நோயாளியும் அதை ஆவலோடு கேட்பது இயல்பே. அந்த நம்பிக்கைக்குத் துரோகம் இழைக்கப்பட்ட ஒரு நிகழ்வை இன்று சிந்திப்போம்.

யோஷிஹிரோ சாடோ ஜப்பானைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர். பக்கவாதம், பார்க்கின்சன், அல்சைமர் நோயாளிகளின் எலும்பு முறிவைப் பற்றி அவர் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டார். 2005 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் வந்த கட்டுரை மிகவும் பேசப்பட்டது. பக்கவாதம் வந்த 628 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும், மற்றவர்களுக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டதாக அது கூறியது. வெறும் மாத்திரை உண்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 43 இடுப்பெலும்பு முறிவுகள். வைட்டமின் உண்டவர்களில் 10 மட்டுமே. விலை குறைந்த மாத்திரைக்கு இவ்வளவு பலனா என்று எல்லாரும் வியந்தார்கள்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் அவெனெல் வியப்போடு நின்றுவிடவில்லை. பலருடைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, சாடோவின் எண்கள் உறுத்தின. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தால் வயதிலும் எடையிலும் சிறு வேற்றுமைகள் இருந்தே தீரும். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் சில வேளை 47 தலை விழும், சில வேளை 54 விழும். எப்போது சுண்டினாலும் சரியாக 50 என்று ஒருவர் எழுதி வைத்தால், அவர் நாணயத்தைச் சுண்டவே இல்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. சாடோவின் குழுக்கள் அப்படித்தான் அளவுக்கு மீறி ஒத்திருந்தன. மேலும், குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகள் சேர்ந்ததும், இடையில் மிகச் சிலரே விலகியதும் நம்பத்தக்கதாக இல்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக அறிஞர்களான மார்க் போலண்ட், ஆண்ட்ரூ கிரே முதலியோருடன் இணைந்து, சாடோவின் 33 சோதனைகளை அவர் ஆராய்ந்தார். அதன் முடிவு 2016 இல் 'நியூராலஜி' இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஜாமா கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. சாடோ தம் முறைகேட்டை ஒப்புக்கொண்டார். அவர் இப்போது உயிருடன் இல்லை. இதுவரை அவருடைய நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டுள்ளன.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பொய் எழுதப்பட்ட இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. ஓர் ஆய்வை அடுத்த ஆய்வு மேற்கோள் காட்டுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுப்பாய்வு எழுதப்படுகிறது. அதிலிருந்து மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல் பிறக்கிறது. வைட்டமின் கே பற்றி 2006 இல் வெளியான ஒரு தொகுப்பாய்விலும் சாடோவின் ஆய்வுகள் இடம்பெற்றிருந்தன. பானைச் சோற்றில் ஒரு பிடி மண் விழுந்தால், அந்த ஒரு பிடியை மட்டும் எடுத்துவிட்டு உண்ண முடியுமா?

இரண்டாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்க வேண்டும். ஃபோலிக் அமிலமும் பி-12 உம் முதியோரின் எலும்பு முறிவைக் குறைக்குமா என்று நெதர்லாந்தில் ஏறத்தாழ 2900 பேரிடம் சோதித்து, 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது முறிவுகள் குறையவில்லை. 'பலன் இல்லை' என்ற அந்த விடை கவர்ச்சியானதல்ல. ஆனால் அந்த முதியவர்கள் இரண்டு ஆண்டுகள் மாத்திரை விழுங்கித் தந்த விடை அது. அவர்களுடைய பொறுமைக்கு மரியாதை செய்வதென்றால், கிடைத்ததைக் கிடைத்தபடியே எழுதுவதுதான்.

மூன்றாவது, பெயர் கொடுப்பது சிறிய காரியம் அல்ல. சாடோவின் கட்டுரைகளில் பலர் இணையாசிரியர்களாக இருந்தனர். ஜாமா கட்டுரை திரும்பப் பெறப்பட்டபோது, அவர்களின் பெயர்கள் முறையின்றிச் சேர்க்கப்பட்டவை என்பதும் வெளிப்பட்டது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்காற்றியிருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதிலுள்ள அனைத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகவோ நண்பர் என்பதற்காகவோ சேர்க்கப்படும் பெயர், தான் காணாததைக் கண்டதாகச் சொல்லும் சாட்சிக்கு ஒப்பானது.

ஜாமா கட்டுரை வெளியாகித் திரும்பப் பெறப்படும் வரை பதினோர் ஆண்டுகள் கடந்துவிட்டன. தவறு செய்தவர் ஒருவரே என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. கேள்வி கேட்கத் தயங்கும் உடன் பணியாளர், விசாரிக்கத் தாமதிக்கும் நிறுவனம், திருத்தம் வெளியிட இழுத்தடிக்கும் இதழ் என எல்லாருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

நம் வீடுகளிலும் மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை அவர்களும் ஆய்வேடு எழுதுவார்கள். எதிர்பார்த்த முடிவு வராதபோது எண்ணை மாற்றி எழுதவும், உழைக்காதவரின் பெயரைச் சேர்க்கவும் நெருக்கடி வரலாம். அந்த வேளையில், இந்த ஏட்டை நம்பி எங்கோ ஒரு மூதாட்டி நாளை மாத்திரை விழுங்குவார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். "நான் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை" என்று எழுதும் துணிவை, மதிப்பெண்ணுக்கு மேலாக நாம் பாராட்டக் கற்றுக்கொள்வோம்.